கணக்கியலில் முனைவர் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தணிக்கை வேலையில் சில வருடங்கள் இருந்துவிட்டு அப்புறம்தான் பிஎச்.டி. பக்கம் வந்தேன். இந்தப் பாதையில் கால் வைக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதி வைக்கிறேன்.

பிஎச்.டி. என்றால் சி.ஏ.வைவிடக் கடினமான கணக்கா?

இல்லை. முதலில் தெளிய வேண்டியது இதுதான். பிஎச்.டி.யில் யாரும் உங்களுக்கு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போடச் சொல்லித் தர மாட்டார்கள். கணக்கு ஏன் இப்படி எழுதப்படுகிறது, எழுதியதால் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கும், கேட்டதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்வதற்கும்தான் அங்கே பயிற்சி.

ஒரு உதாரணம். ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் ஆண்டு லாபத்தை எடுத்து, ஒவ்வொன்றையும் அந்தந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பால் வகுத்து, படமாக வரைகிறீர்கள். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சீராகச் சரியும் ஒரு மேடு வரும் என்று எதிர்பார்ப்போம். மேடு வரும், ஆனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அது உடைந்திருக்கும். கொஞ்சமே கொஞ்சம் நஷ்டம் காட்டியவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். கொஞ்சமே கொஞ்சம் லாபம் காட்டியவர்கள் இருக்கும் இடத்தில் கூட்டம். பர்க்ஸ்டாலரும் டிச்செவும் 1997-ல் வெளியிட்ட கட்டுரையின் படம் இது. சின்ன நஷ்டத்தைச் சின்ன லாபமாக மாற்றிக் காட்டுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நான் முதன்முதலில் பார்த்தபோது, தணிக்கையில் இருந்த வருடங்களில் என் கையில் வந்த எத்தனை ஆண்டிறுதிப் பதிவுகள் அந்தக் கூட்டத்துக்குள் இருந்திருக்கும் என்றுதான் மனம் ஓடியது.

கதை அங்கே முடியவில்லை. 2005-ல் டர்ச்சியும் ஈஸ்டனும், அந்த உடைவு லாபத்தைத் திருத்தியதால் வந்ததாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். எதால் வகுத்தோம், எந்த நிறுவனங்களைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்பதாலேயே அப்படி ஒரு பள்ளம் விழலாம் என்று காட்டினார்கள். ஒரே படத்துக்கு இரண்டு விளக்கம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க உங்களுக்குப் பிடித்திருந்தால், இந்தப் படிப்பும் பிடிக்கும்.

சி.ஏ., சி.பி.ஏ., ஏ.சி.சி.ஏ. போன்ற தொழில்முறைத் தகுதி கட்டாயம் வேண்டுமா?

பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. இருந்தால் நல்லது. நடைமுறை தெரிந்தவருக்கு ஆய்வுக் கேள்விகள் சுலபமாக எழும், எந்த எண்ணை எங்கே நெளிக்க முடியும் என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். தணிக்கையில் சந்தேகம் வந்தால் கணக்கியல் தரத்தை, அதாவது கணக்கு எழுதும் விதிகளைப் புரட்டுவோம், பதில் அதில் இருக்கும். ஆய்வில் அந்தத் தரமே கேள்விக்குள் வந்துவிடும். இதை ஏன் இப்படி எழுதினார்கள், வேறு மாதிரி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். எனக்கு இந்தப் பழக்கம் மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பொருளியலிலிருந்தும் பொறியியலிலிருந்தும் வந்த சக மாணவர்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. பற்று எது வரவு எது என்பதுதான் அவர்களுக்குத் தகராறு.

கணிதம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நினைப்பதைவிட அதிகம். நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். முதல் வருடம் பல பல்கலைக்கழகங்களில் கணக்கியல் மாணவர்களைப் பொருளியல் துறைக்கே அனுப்பிவிடுவார்கள். நுண்பொருளியலும் பொருளியல் அளவையியலும் (எகனாமெட்ரிக்ஸ்) அங்கே அந்தத் துறை மாணவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். வணிகவியலில் இருந்து நேராக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்தை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சோதனை முறையில் ஆய்வு செய்யப்போகிறவர்களுக்குக் கணிதத்தோடு உளவியலும் தேவைப்படும்.

எத்தனை வருடம் ஆகும்?

அமெரிக்க முறையில் பெரும்பாலும் ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் பாடங்கள், அதன் முடிவில் ஒரு பெரிய தகுதித் தேர்வு, மீதிக் காலம் ஆய்வேடு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மூன்று முதல் நான்கு வருடம். அங்கே பாடங்கள் குறைவு, முதல் நாளிலிருந்தே ஆய்வுத் தலைப்போடு இருக்க வேண்டும். புள்ளியியல் அடித்தளம் பலமாக இல்லாதவர்களுக்கு நீண்ட முறையே பாதுகாப்பு என்பது என் கருத்து. பாடம் படிக்கும் இரண்டு வருடத்தை வீண் என்று நினைத்தவர்கள் பலர் பிறகு அதைத் தனியாகப் படிக்க அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செலவு?

அமெரிக்காவில் ஆய்வுக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் முழுநேர மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. பதிலுக்கு ஒரு பேராசிரியரின் ஆய்வில் உதவுவீர்கள், பிறகு வகுப்பும் எடுப்பீர்கள். முழுநேரப் பிஎச்.டி.க்கு மொத்தக் கட்டணத்தையும் உங்கள் கையிலிருந்து கேட்டால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு வேறு. அந்த ஐந்து வருடமும் வேலையில் இருந்திருந்தால் வந்திருக்கும் சம்பளம். குடும்பம் இருந்தால் இதை வீட்டில் உட்கார்ந்து, தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பேசிவிட வேண்டும். மனதுக்குள் போட்ட கணக்கு மூன்றாவது வருடம் சண்டையாக வெளியே வரும்.

என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன?

பொருளை வைத்துப் பிரித்தால் நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, வரி, தகவல் அமைப்புகள். ஆனால் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிப்பது பொருள் அல்ல, முறை. தரவுத்தளங்களை வைத்துச் செய்வது ஒன்று. ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு பாதிக்கு ஒரு மாதிரி அறிக்கையும் மறு பாதிக்கு இன்னொரு மாதிரி அறிக்கையும் கொடுத்து முடிவெடுக்கச் சொல்வது இன்னொன்று. பேனாவும் தாளுமாகக் கணித மாதிரி கட்டுவது மூன்றாவது. நிறுவனத்துக்குள்ளேயே போய் மாதக்கணக்கில் இருந்து, பட்ஜெட் கூட்டத்தில் யார் எதற்காக எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கவனிப்பது நான்காவது. 1976-ல் தொடங்கிய 'அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி' இதழ் கணக்கை ஒரு சமூக நடவடிக்கையாகப் பார்க்கும் இந்த வழிக்குப் பெரிய இடம் கொடுத்தது. ஐரோப்பாவில் இதற்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவில் தரவு வழிதான் கோலோச்சுகிறது. நீங்கள் போக நினைக்கும் துறையில் யார் எந்த முறையில் எழுதுகிறார்கள் என்று பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாகிவிடும்.

சேருவதற்கு முன் எதைப் படித்துப் பார்க்கலாம்?

ரே பாலும் பிலிப் பிரவுனும் 1968-ல் 'ஜர்னல் ஆஃப் அக்கவுண்டிங் ரிசர்ச்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்தில், தேய்மானத்தைப் பல முறைகளில் போடலாம், சரக்கைப் பல விதமாக மதிப்பிடலாம், அப்படி வரும் லாப எண்ணுக்கு ஏதாவது பொருள் உண்டா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறையப் பேர். இவர்கள் இருவரும் வாதத்தில் இறங்கவில்லை. நியூயார்க் பங்குச் சந்தையில் இருந்த 261 நிறுவனங்களின் லாபத்தையும் பங்கு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். லாபம் எதிர்பார்த்ததைவிடக் கூடிய நிறுவனங்களின் விலை ஏறியிருந்தது, குறைந்தவற்றின் விலை இறங்கியிருந்தது. எண்ணுக்குப் பொருள் உண்டு. அதே சமயம், அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி லாபம் அறிவிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே நடந்து முடிந்திருந்தது. ஆண்டறிக்கை வந்து சேரும்போது செய்தி பழசாகிவிட்டிருந்தது என்று அர்த்தம். ஒரே வரைபடத்தில் இரண்டு சேதி. இன்றுவரை எனக்கு அலுக்காத கட்டுரை.

அடுத்து ஹீலி, 1985. போனஸுக்கு உச்சவரம்பு வைத்தால், அதைத் தொட்டுவிட்ட மேலாளர் இந்த வருட லாபத்தைக் குறைத்து அடுத்த வருடத்துக்குத் தள்ளுவாரா என்ற கேள்வி. அப்புறம் ஜோன்ஸ், 1991. இறக்குமதியிலிருந்து பாதுகாப்பு கேட்டு அரசிடம் போன நிறுவனங்கள், விசாரணை நடக்கும் வருடத்தில் லாபத்தைக் குறைத்துக் காட்டினவா என்று பார்த்த கட்டுரை. லாபத்தைக் கூட்டிக் காட்டுவதுதான் தில்லுமுல்லு என்று நினைத்திருந்த எனக்கு, குறைத்துக் காட்டவும் காரணம் இருக்கும் என்று உறைக்க வைத்தவை இந்த இரண்டும்தான்.

முதல் வாசிப்பில் பாதி புரியாது. பரவாயில்லை. கேள்வி என்ன, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், வேறு விளக்கம் சாத்தியமா என்ற மூன்றுக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் பதில் எழுத முடிந்தால் போதும்.

விண்ணப்பத்தில் எதைப் பார்ப்பார்கள்?

ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண், அதிலும் கணிதப் பகுதி. கணிதப் பாடங்களில் எடுத்த மதிப்பெண். ஆய்வு தெரிந்தவர்கள் எழுதிய பரிந்துரைக் கடிதங்கள். அப்புறம் நோக்க அறிக்கை.

நோக்க அறிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'சிறு வயது முதலே எனக்குக் கணக்கின் மீது தீராத ஆர்வம்' என்று தொடங்கும் கடிதத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 'தணிக்கை நிறுவனம் மாறிய முதல் வருடத்தில், பழைய தணிக்கையாளர் பல வருடம் ஒப்புக்கொண்ட மதிப்பீடுகளைப் புதியவர் எதிர்த்ததை இரண்டு இடங்களில் பார்த்தேன். இது பொதுவாக நடக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்' என்று எழுதுகிறவரிடம் பேசிப் பார்க்கத் தோன்றும். அந்தக் கேள்வியே உங்கள் ஆய்வேடாக வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவரிடம் முன்பு படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாணவர்களோடு சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இப்போது அவரிடம் இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசி ஒன்றே ஒன்று கேளுங்கள்: வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்? என் நண்பர் ஒருவர் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தார். நெறியாளர் கெட்ட மனிதர் இல்லை, புகழ்பெற்றவர், அவ்வளவுதான். என் நெறியாளர் அத்தனை பெயர் பெற்றவர் அல்ல. பத்து நாளில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு தாள் திரும்பி வரும். 'இந்த வாக்கியத்தை நீ நம்புகிறாயா?' என்று ஒரு குறிப்பு அடிக்கடி இருக்கும். பெரும்பாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

தரவு வேலை என்றால் என்ன? அன்றாடம் எப்படி இருக்கும்?

நிதிநிலை எண்களுக்குக் காம்பஸ்டாட், பங்கு விலைக்குச் சிஆர்எஸ்பி, அமெரிக்க நிறுவனங்களின் மூல அறிக்கைகளுக்கு எட்கர் என்று சில தரவுத்தளங்களோடு குடித்தனம் நடத்த வேண்டும். ஸ்டேட்டா, சாஸ், ஆர், பைத்தான் ஆகிய மென்பொருள்களில் குறைந்தது இரண்டு நன்றாக வர வேண்டும். ஆய்வேட்டுக் காலத்தின் பெரும்பகுதி தரவைச் சுத்தம் செய்வதில்தான் போகும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாம் வருடம் என் முதல் கட்டுரைக்கு அருமையான முடிவு கிடைத்தது, முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று காட்டும் புள்ளியியல் நட்சத்திரக் குறிகள் வரிசையாக மின்னின. நெறியாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, 'இணைப்பதற்கு முன்னால் எத்தனை வரி, பின்னால் எத்தனை வரி?' என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டு தரவுக் கோப்புகளை இணைத்ததும் வரிகள் கூடியிருந்தன. சில நிறுவனங்கள் நடுவில் நிதியாண்டு முடிவை மாற்றியிருந்ததால் ஒரே வருடத்துக்கு அவற்றுக்கு இரண்டு பதிவு இருந்தது, இணைக்கும்போது ஒவ்வொன்றும் பெருகிவிட்டது. திருத்தி ஓட்டினேன். நட்சத்திரங்களைக் காணவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த அட்டவணையோடு நான் வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னும் பின்னும் வரி எண்ணிக்கையை எழுதி வைக்கிறேன். என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் முதல் விதியும் அதுதான்.

கருத்தரங்குகளில் குறுக்குக் கேள்வி கேட்டே கிழித்துவிடுவார்களாமே?

கேட்பார்கள். கணக்கியல் கருத்தரங்கில் நீங்கள் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரண்டாவது ஸ்லைடிலேயே கை உயரும். 'இதற்குக் காரணம் நீங்கள் சொல்வதுதான் என்று எப்படித் தெரியும்?' என்ற ஒரே கேள்வி நாலு உருவத்தில் வரும். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. முதல் வருடத்தில் மற்றவர்கள் பேசும் கருத்தரங்குகளில் உட்கார்ந்து, அடுத்து என்ன கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதிப் பழகினேன். ஆறேழு மாதத்தில் பாதிக்கு மேல் சரியாக வந்தது. அதற்குப் பிறகு பயம் தானாகக் குறைந்தது.

ஒரு கட்டுரை வெளியாக எவ்வளவு காலம்?

வருடக்கணக்கில். அனுப்பினால் நடுவர்கள் படித்து, திருத்தம் கேட்டு, திரும்ப அனுப்பி, மறுபடி திருத்தம் கேட்பார்கள். இரண்டு மூன்று சுற்று சாதாரணம். பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். மேலே சொன்ன பால்–பிரவுன் கட்டுரையையே முதலில் வேறொரு முன்னணி இதழ் ஏற்கவில்லை.

வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்யலாமா? டி.பி.ஏ. (வணிக நிர்வாக முனைவர் பட்டம்) எப்படி?

தொழிலில் இருந்துகொண்டே ஆய்வுப் பார்வை வேண்டும் என்பவர்களுக்கு டி.பி.ஏ. பொருத்தம். ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் முழுநேரப் பிஎச்.டி.தான் வழி. பகுதிநேரத்தில் முடித்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பையும் ஆய்வேட்டையும் ஒரே தலையில் சுமப்பது சாமானியமல்ல.

வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. தாமதமா?

இல்லை. கணக்கியல் பிஎச்.டி.யில் வேலை அனுபவத்தோடு வருகிறவர்கள் சகஜம்.

முடித்த பிறகு?

பெரும்பாலோர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். வேலைச் சந்தைக்குப் போகும்போது உங்களுடைய ஒரே ஒரு கட்டுரையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அதை நீங்கள் தனியாக எழுதியிருப்பது நல்லது. தர நிர்ணய அமைப்புகள், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இடம் உண்டு. சம்பளத்துக்காக மட்டும் வராதீர்கள். அந்த ஐந்து வருடத்தில் தொழிலில் இருந்தால் அதைவிட முன்னே போயிருக்கக்கூடும்.

நடுவில் விட்டுவிட்டால் அவமானமா?

இல்லவே இல்லை. தகுதித் தேர்வோடு நிறுத்திக்கொண்டு முதுகலைப் பட்டத்தோடு வெளியே போய் நன்றாக இருப்பவர்கள் உண்டு. முடியவில்லை என்று தெரிந்தும் வெளியே சொல்லப் பயந்து இரண்டு வருடத்தை ஓட்டுவதுதான் வேதனை. நெறியாளரிடம் சீக்கிரம் பேசிவிடுங்கள்.

எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு மாதம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். சர்வதேச நிதி அறிக்கைத் தரத்தில் கணக்கு எழுதும் ஒரு விமான நிறுவனத்தின் 2018, 2019 ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். 2018 வரை வாடகைக்கு எடுத்த விமானங்கள் பெரும்பாலும் ஐந்தொகையில் வராது, பின்குறிப்பில் மட்டும் கிடக்கும். சர்வதேச கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, சாவதற்குள் ஒரு விமான நிறுவனத்தின் ஐந்தொகையில் உள்ள விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்று சொல்லி வந்ததற்குக் காரணம் இதுதான். 2019 ஜனவரி முதல் குத்தகைகளுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற தரம் நடைமுறைக்கு வந்து, அந்தக் குத்தகைகள் கடனாகவும் சொத்தாகவும் ஐந்தொகைக்குள் ஏறின.

இரண்டு அறிக்கையிலும் கடன் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பழைய பின்குறிப்பை வைத்தே அந்தத் தொகையை முன்கூட்டிக் கணித்திருக்க முடியுமா என்று போட்டுப் பாருங்கள். முடிந்திருக்கும் என்றால், கடன் கொடுத்தவர்களுக்கு இது புதுச் செய்தியா? 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைகளைத் தரம் விட்டுவைக்க அனுமதிக்கிறது. அதனால் யாராவது குத்தகைக் காலத்தைச் சுருக்கிக்கொண்டார்களா? அதை எந்தத் தரவில், யாரோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பீர்கள்? இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை ஆய்வு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஓட்டை எங்கே என்று கேளுங்கள். அவர் ஓட்டையைக் காட்டியதும் இரவே உட்கார்ந்து மறுபடி எழுதத் தோன்றினால், விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியைப் பார்க்கத் தொடங்கலாம்.